சோதனையும் ஆயத்தமும்

 

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று பழைய மாணவர்களாகிய எங்களைப் பள்ளியினர் கேட்டபொழுது, எதைப் பற்றி எழுதுவது என்று எங்களுக்குள் கலந்து பேசினோம். தோட்டம் இருந்த காலத்துத் திருவிழாக்களைப் பற்றி எழுதலாம் என்றார் ஒருவர். பழைய ஆசிரியர்களைப் பற்றி எழுதலாம் என்றார் மற்றொருவர். உடனிருந்த தாயார் ஒருவரோ, "யு.பி.எஸ்.ஆர். சோதனைதான் போய்விட்டதே, இனி எதற்காகப் புத்தகத்தைத் தொடவேண்டும் என்று என் பையன் கேட்கிறான், நான் என்ன சொல்ல?" என்றார். அக்கேள்வியே இக்கட்டுரையின் பொருளாயிற்று.

சோதனைகள் வருவதும் போவதும் நம் நாட்டில் புதுமையன்று. 1973ஆம் ஆண்டு முதல் 1987ஆம் ஆண்டு வரை ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுச் சோதனை இருந்தது. எங்களில் பலர் எழுதியது அதைத்தான். 1988இல் அதன் இடத்திற்கு யு.பி.எஸ்.ஆர். வந்தது. எங்கள் பிள்ளைகள் எழுதியது அது. 2019ஆம் ஆண்டில் அது கடைசி முறையாக நடந்தது. 2020இல் கொரோனாத் தொற்றால் கைவிடப்பட்டது. 2021 ஏப்ரலில் அரசாங்கம் அதனை அடியோடு நீக்கியது. மூன்றாம் படிவத்துச் சோதனையும் எல்.சி.இ., எஸ்.ஆர்.பி., பி.எம்.ஆர்., பி.டி.3 என்று நான்கு பெயர் சுமந்து 2022இல் நீங்கிற்று. இன்று வீட்டில் மூன்று தலைமுறையினர் ஒன்றாக உட்கார்ந்தால், மூவரும் மூன்று சோதனையின் பெயரைச் சொல்வர். பெயர்கள் இப்படி மாறிக்கொண்டிருக்க, எஸ்.பி.எம். மட்டும் தன் இடத்திலேயே நிற்கிறது. அதில் மலாய்மொழியில் தேறாதவருக்குச் சான்றிதழ் இல்லை. 2013ஆம் ஆண்டு முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேறியாக வேண்டும். பதினேழு வயதில் அந்த மண்டபத்திற்குள் நுழையும் பிள்ளை, ஏழு வயதிலிருந்து கற்றதையெல்லாம் கூடவே சுமந்து செல்கிறது. ஏழு வயதில் விடுபட்ட எழுத்துக்கூட்டலும் பத்து வயதில் விடுபட்ட வாய்பாடும் அங்கே வந்து வழிமறிக்கும். பையனின் கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்த விடையின் முதற்பகுதி இதுதான்.

அந்நாளில் சோதனை என்றால் எங்களுக்கு என்ன பொருள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்த மாணவரில் பெரும்பாலோர் முதலாம் படிவத்துக்கு நேரே செல்லவில்லை. மலாய்மொழியைப் பழகுவதற்காகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது. ஓராண்டுதானே என்று பட்டணத்தார் நினைக்கக்கூடும். தோட்டத்தில் ஓராண்டு என்பது ஒரு பிள்ளையின் தலைவிதியை மாற்றப் போதுமான காலம். பேருந்துக் கட்டணம், காலணி, சீருடை, புத்தகம் ஆகிய எல்லாவற்றையும் ஓராண்டு கூடுதலாகத் தாங்க வேண்டும். அப்பா மரம் சீவுகிறார். அம்மா வெளிக்காட்டில் புல் வெட்டுகிறாள். மழைக்காலம் வந்தால் பெரட்டுக்குப் போனவர்கள் வேலையின்றித் திரும்பி வருவார்கள். அத்தகைய வீட்டில் பதின்மூன்று வயதுப் பையன் புகுமுக வகுப்பில் புரியாத மொழியைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தால், "இவன் படிப்பும் ஆச்சு, பேசாமல் பால் வாளியைத் தூக்கட்டும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எங்களோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்களுள் பலர் அவ்வாறுதான் பள்ளியை விட்டு நீங்கினர். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவர்களுள் ஒருவன்.

பின்னாளில் யு.பி.எஸ்.ஆர். வந்தபொழுது மலாய்மொழிக் கருத்துணர்தல் தாளிலும் எழுத்துத் தாளிலும் குறைந்தது 'சி' பெற்றவர்கள் புகுமுக வகுப்பைத் தாண்டி முதலாம் படிவத்துக்குச் செல்லலாம் என்ற நிலை ஏற்பட்டது. இரண்டு தாள்கள் ஓராண்டைத் தீர்மானித்தன. சுங்கை சிப்புட், செமோர், பாகான் செராய், பீடோர், சித்தியவான் என்று பேராக் மாநிலமெங்கும் தோட்டப் பள்ளிகளில் மாலை வகுப்புகள் பெருகியதற்கு அதுவே காரணம். நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் நம்முடையது. அவற்றுள் பல ரப்பர் தோட்டத்தின் நடுவே பிறந்தவை.

இனி ஆயத்தம் என்னும் பொருளுக்கு வருவோம்.

நம் பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் தெரிந்த தொழிலிலிருந்தே தொடங்குகிறோம். 1877ஆம் ஆண்டில் சர் ஹியூ லோ என்பவர் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒரு மரம் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. ஆனால் மரம் வந்தவுடனே பால் வந்துவிடவில்லை. மரத்தை எப்படிக் கீறுவது என்பது முதலில் எவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. கோடரியால் கொத்திப் பார்த்தவர்களும் உண்டு. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி என்பவர் 1890களில் ஆராய்ந்து ஒரு முறையைக் கண்டார். பழைய வெட்டின் விளிம்பிலேயே மெல்லிய ஒரு சீவல் எடுத்தால் போதும். மீண்டும் மீண்டும் அவ்விடத்தைத் திறக்கத் திறக்க, முதல்நாள் வந்த பாலைவிடப் பின்வரும் நாள்களில் பால் மிகுதியாக வரும் என்பது அவர் கண்ட உண்மை. மரம் சீவிய நம்மவர் எவரைக் கேட்டாலும் சொல்வார்: சீவல் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டலாம், அதற்கு மேல் கூடாது. ஒருநாள் சீவினால் மறுநாள் மரத்தை ஆறவிட வேண்டும். பேராசையால் ஆழமாக வெட்டினால் கத்தி மரத்தில் பட்டுவிடும். பட்டை புண்ணாகி முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது.

சோதனைக்கு முந்தின இரவு விடிய விடியக் கண் விழித்துப் படிக்கும் பிள்ளையைப் பார்க்கும்பொழுதெல்லாம் எங்களுக்கு அந்த முடிச்சு விழுந்த மரமே நினைவுக்கு வருகிறது. இது வெறும் உவமையன்று. ஜெர்மனி நாட்டில் எபிங்ஹவுஸ் என்னும் அறிஞர் இருந்தார். அவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறோம் என்று தம்மீதே ஆராய்ந்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து படித்துப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பகிர்ந்து 38 முறை படித்தே பெற முடிந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். ஏறத்தாழப் பாதி உழைப்பு மிச்சம். இருள் பிரியுமுன் எழுந்து மரக்காட்டுக்குப் போன நம் பெற்றோர்கள் இதனை ஆய்வுக்கூடம் இல்லாமலேயே அறிந்திருந்தார்கள். மரத்துக்குச் செய்ததைப் பிள்ளைக்கும் செய்யலாம் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லாததுதான் குறை.

ஆகவே மாணவர்களே, கணிதம் இரண்டு மணி நேரம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக உட்காருவதைவிட, நாளுக்கு இருபது மணித்துளி என்று ஆறு நாள் உட்காருங்கள். நேரக் கணக்கு ஒன்றுதான், விளைவு வேறு.

அடுத்து நாங்கள் சொல்லவிருப்பது இக்கட்டுரையிலேயே முதன்மையானது. ஆதலால் சற்று விரித்துச் சொல்கிறோம். படித்தல் வேறு, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லுதல் வேறு. புத்தகத்தை விரித்து வைத்து நான்கு முறை படித்த பிள்ளைக்கு எல்லாம் தெரிந்தது போலவே தோன்றும். ஏன் தோன்றுகிறது? வரிகள் பழகிவிட்டன. தெரிந்த முகத்தைச் சாலையில் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்கிறோம். அம்முகத்தைப் பாராமல் வரைந்து காட்டச் சொன்னால் விழிக்கிறோம். சோதனை கேட்பது வரைந்து காட்டுவதைத்தான்.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்களிடம் ஓர் உரைநடைப் பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு குழுவினர் நான்கு வேளையும் அதனைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு வேளை மட்டும் படித்தனர். மீதி மூன்று வேளையும் அதனைப் பாராமல் நினைவில் இருப்பதை எழுதினர். ஐந்து மணித்துளி கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு நினைவிருந்தது. பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 பங்கு நினைவிருந்தது. சோதனை ஐந்து மணித்துளியில் வருவதில்லை. வாரங்கள் கழித்தே வருகிறது என்பதை நினைவிற்கொள்க.

இது மேல்நாட்டார் கண்ட புதுமை என்று எண்ணவேண்டா. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றைக் கூறும் 'என் சரித்திரம்' என்னும் நூலில் அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதியுள்ளார். மாலையில் பள்ளிக்கூடம் விடும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பூவின் பெயரோ, பறவையின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவாராம். மாணவன் அதனை மறவாமல் மறுநாள் வந்து சொல்லவேண்டும். ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. இரவு முழுவதும் நெஞ்சில் வைத்திருந்து காலையில் எடுத்துத் தரவேண்டும். இவ்வளவு எளிய வழியை நாம் ஏன் கைவிட்டோம் என்று நாங்கள் வியந்ததுண்டு. தாள் மலிந்ததும் நினைவுக்கு வேலை குறைந்தது போலும்!

இவ்விடத்தில் பெற்றோர்களுக்கு ஒரு சொல். "எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது, நான் எப்படிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவேன்?" என்று எங்கள் தாய்மார்கள் கேட்டதுண்டு. இன்றும் பாட்டியிடம் வளரும் பிள்ளைகளின் வீட்டில் இக்கேள்வி இருக்கிறது. பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. பாடம் கேட்டால் போதும். எங்கள் லயத்தில் அத்தகைய தாயார் ஒருவர் இருந்தார். அவருக்குக் கையெழுத்துப் போடவும் வராது. சம்பளத்தன்று கட்டைவிரலைத்தான் வைப்பார். மாலையில் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே மகளை எதிரில் உட்கார வைப்பார். புத்தகத்தை வாங்கித் தம் மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். "இன்றைக்கு வாத்தியார் என்ன சொன்னார், சொல்லு பார்ப்போம்" என்பார். மகள் தங்கு தடையின்றிச் சொன்னால் தலையை ஆட்டுவார். எங்கேனும் தடுமாறினால், அது சரியா தவறா என்று அவருக்குத் தெரியாது. தடுமாற்றம் மட்டும் தெரியும். "அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பார். அந்த மகள் புகுமுக வகுப்பையும் தாண்டி, ஐந்தாம் படிவத்தையும் முடித்தாள். இந்தக் காலத்தில் மாதம் பல நூறு வெள்ளி கொடுத்துப் பிள்ளையைத் தனிவகுப்புக்கு அனுப்புகிறோம். அங்கே இதைவிடச் சிறந்த ஒன்று நடக்கிறதா என்று எங்களுக்கு ஐயமே.

மனப்பாடம் என்பதை நாங்கள் பழிக்கவில்லை. வாய்பாடு மனப்பாடமாக வேண்டும்; செய்யுள் மனப்பாடமாக வேண்டும்; மலாய்ச் சொற்கள் மனப்பாடமாக வேண்டும். கட்டுரையை மனப்பாடம் செய்வதைத்தான் வேண்டா என்கிறோம். அக்காலத்தில் 'நான் ஒரு பேனா' என்னும் கட்டுரையைக் கால்புள்ளி முதல் முற்றுப்புள்ளி வரை நெட்டுருச் செய்து வைத்திருப்பது வழக்கம். ஓராண்டு வகுப்புச் சோதனையில் 'நான் ஒரு மிதிவண்டி' என்று தலைப்பு வந்துவிட்டது. வகுப்புத் தோழன் ஒருவன் சற்றும் கலங்கவில்லை. பேனா என்ற இடத்திலெல்லாம் மிதிவண்டி என்று மாற்றி எழுதிக்கொண்டே போனான். தன்னைக் கடைக்காரர் கண்ணாடிப் பேழையில் படுக்க வைத்திருந்ததாகவும், வாங்கிய சிறுவன் தன் வயிற்றில் நீல மை ஊற்றியதாகவும், சட்டைப் பையில் செருகிக்கொண்டு பள்ளிக்குச் சென்றதாகவும் அந்த மிதிவண்டி கூறிற்று. ஆசிரியர் அதனை வகுப்பில் உரக்கப் படித்தார். சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. அதன்பின் அவர் செய்ததே பாராட்டுக்குரியது. அனைவரையும் வெளியே அழைத்துச் சென்று, கிராணியாருடைய மிதிவண்டியைச் சுற்றி நிற்க வைத்து, "இதைப் பார்த்து ஆளுக்கு ஐந்து வாக்கியம் சொல்லுங்கள்" என்றார். அந்தத் தோழனே எல்லோரினும் நன்றாகச் சொன்னான்.

இதே நோயின் மற்றொரு வடிவம், எந்தக் கேள்வி வரும் என்று குறி பார்ப்பது. 2014ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். அறிவியல் தாளும் ஆங்கிலத் தாளும் முன்னரே வெளியாகிவிட்டமையால், அவ்விரு சோதனைகளும் செப்டம்பர் 30ஆம் நாள் மறுபடியும் நடத்தப்பட்டன. கேள்வியை நம்பியவர்கள் கலங்கினார்கள். பாடத்தை நம்பியவர்கள் இன்னொரு முறை எழுதினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது தேவையற்ற துன்பம் என்பதில் ஐயமில்லை.

எல்லாப் பாடத்துக்கும் நேரம் பகிர்வது பற்றிச் சொல்ல நினைக்கும்போது கணித மேதை இராமானுசன் நினைவுக்கு வருகிறார். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் 1904இல் சிறப்பாகத் தேறி, உதவிச் சம்பளம் பெற்று, அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் பிற பாடங்களில் தவறி உதவிச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. சோதனை எழுதி இரண்டு முறையும் தோற்றார். உடலியல் பாடம் அவரை வீழ்த்தியவற்றுள் ஒன்று. வேலை தேடி அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. 1913இல் இங்கிலாந்திலிருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவருடைய வாழ்வைத் திருப்பிற்று. 1918இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

இக்கதையைச் சொல்லிச் சோதனையால் பயனில்லை என்பாரும் உளர். பிடிக்காத பாடத்தையும் படி என்று பிள்ளையை மிரட்டுவாரும் உளர். எங்கள் கருத்து இரண்டுமன்று. இராமானுசனை அளக்க அந்தச் சோதனைக்குத் தகுதியில்லை என்பது உண்மை. ஆனால் அவருக்கு ஒரு ஹார்டி கிடைத்தார். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போகும் நம் பிள்ளைக்குக் கையில் இருப்பது சான்றிதழ் ஒன்றுதான். பிடித்த பாடத்தில் மூழ்கிக் கிடக்கட்டும், வேண்டாமென்று சொல்லமாட்டோம். பிடிக்காத பாடத்துக்கு நாளின் தொடக்கத்தில், மனம் களைப்படையுமுன், அரைமணி நேரம் ஒதுக்கட்டும். மாலையில் முதலில் பிடிக்காததை முடித்துவிட்டுப் பிறகு பிடித்ததற்குப் போவது, கசப்பு மருந்தைக் குடித்துவிட்டு வெல்லம் கடிப்பது போன்றது.

கூடிப் படித்தல் பற்றியும் சொல்லவேண்டும். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர்க்கான பள்ளியொன்றை நடத்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் வந்தார். அந்நாட்டுத் திண்ணைப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த எண்ணியபோது ஆசிரியர்கள் இசையவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சிறுபிள்ளைகளை ஒப்படைத்தார். அவன் கற்பித்துக் காட்டினான். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் அம்முறையை 1797இல் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பரவிற்று. நம் நாட்டில் 1982ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் முனைவர் தம்பிராஜா அவர்களால் தொடங்கப்பெற்ற ஸ்ரீ முருகன் நிலையத்தின் வகுப்புகளிலும், படித்து முன்னேறிய இளைஞர்கள் திரும்பி வந்து பின்னால் வருபவர்களுக்குக் கற்பித்தார்கள். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை. கோயில் மண்டபத்தில் ஒரு விளக்கும் ஒரு கரும்பலகையும் இருந்தன. மூன்றாம் படிவத்து அண்ணன் ஆறாம் வகுப்புத் தம்பிகளுக்குச் சொல்லித் தருவார். ஆறாம் வகுப்பு அக்கா மூன்றாம் வகுப்புக்குச் சொல்லித் தருவாள். சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் பாடம் முதலில் தெளிந்தது என்பதை நாங்கள் கண்கூடாகக் கண்டோம். பின்னத்தைக் கூட்டுவது எப்படி என்று தங்கைக்கு விளக்க முயலும்போதுதான் தனக்கே அது விளங்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும்; மறுநாள் அவள் ஆசிரியரிடம் கேட்டுவருவாள்.

மலாய்மொழி பற்றித் தனியே சொல்வது கடமை. அன்று எங்கள் ஆண்டுகளை விழுங்கியது அந்தப் பாடமே; இன்று எஸ்.பி.எம். சான்றிதழுக்கு வாயிற்காவலாக நிற்பதும் அதுவே. தோட்டத்துக்குள் தமிழ் ஒன்றே பேசிப் பழகிய எங்களுக்குப் பட்டணத்துப் பிள்ளைகளைப் போல் அம்மொழி காதில் விழவில்லை. இன்று அந்த இடையூறு பெரும்பாலும் இல்லை. தொலைக்காட்சி இருக்கிறது, அக்கம்பக்கத்தில் மலாய்க்காரர் இருக்கின்றனர், ஈப்போ சந்தையில் விலை கேட்பதே ஒரு பாடம். நாளுக்கு ஒரு பக்கம், வாய்விட்டு, ஒலி பிசகாமல் படியுங்கள். தெரியாத சொல் ஐந்தை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஐம்பது எழுதினால் ஒன்றும் தங்காது. மறுநாள் பொருளை மறைத்துக்கொண்டு அந்த ஐந்தையும் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராததை மீண்டும் அடுத்த நாளின் பட்டியலில் சேருங்கள். அதோடு அவ்வைந்து சொல்லையும் வைத்து ஒரு வாக்கியமாவது சொந்தமாக எழுதுங்கள். தமிழை விட்டுவிட்டு மலாயைப் பிடிக்கவேண்டும் என்று சிலர் கூறுவர். அதை நாங்கள் ஏற்கவில்லை. தமிழில் ஒரு பத்தியைப் படித்துக் கருத்தை உணரத் தெரிந்த பிள்ளை, எந்த மொழியிலும் அதைச் செய்யும் வழியைப் பாதி அறிந்துகொண்டதாகும்.

தவறிய விடைகளைப் பற்றி ஒரு குறிப்பு. சோதனைத்தாள் திரும்பி வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பைக்குள் திணித்துவிடுவது மாணவர் இயல்பு. சிவப்பு மை பட்ட இடங்களே அந்தத் தாளில் விலையுயர்ந்தவை. ஒரு தனிக் குறிப்பேட்டில் தவறிய கணக்கை மட்டும் எழுதி, எதனால் தவறியது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கழிக்கும்போது கடன் வாங்க மறந்ததா? கேள்வியைத் தவறாகப் படித்ததா? இரண்டு மாதத்தில் ஒன்று தெரிந்துவிடும்: ஒருவர் செய்யும் தவறுகள் நூறு வகையல்ல, நான்கைந்து வகையே.

சோதனை நாளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. முந்தின இரவு வேளையோடு உறங்குங்கள். காலையில் வயிறு நிறையாவிட்டாலும் வெறும் வயிறாக இருத்தல் கூடாது. கேள்வியை இருமுறை படியுங்கள். தெரிந்ததை முதலில் எழுதுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்காத தாளாயின் எந்த இடத்தையும் வெறுமையாக விடாதீர்கள்.

பெற்றோர்களிடம் கேட்டுக்கொள்வதும் ஒன்று உண்டு. யு.பி.எஸ்.ஆர். காலத்தில் ஏழு ஏ வாங்கிய பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களில் வரிசையாக வந்தன. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்நாள்களில், மூன்று டி-யிலிருந்து மூன்று சி-க்கு ஏறிய பிள்ளையின் படத்தை எவரும் போடவில்லை. அவன் ஏறிய மேடு இன்னும் செங்குத்தானது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதை விட்டு, போன மாதத்து அவனோடு இந்த மாதத்து அவனை ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் தனி அறை இல்லையே, மேசை இல்லையே என்று வருந்தவேண்டா. எங்களுக்கு அரிசிப் பெட்டியின் மூடிதான் மேசை. தோட்டத்து மின்சாரம் நின்றபின் மண்ணெண்ணெய் விளக்கு. ஆனால் ஒன்று இருந்தது: படிக்கும் நேரத்தில் வானொலியை அப்பா நிறுத்திவிடுவார். இன்று அந்த வானொலி சுருங்கிக் கைப்பேசியாகி எல்லோருடைய உள்ளங்கையிலும் இருக்கிறது. பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நாம் நம்முடையதைப் பார்த்துக் கொண்டிருந்தால் அதைப் பிள்ளை கவனிக்காமலா இருக்கும்? ஒரு மணி நேரம் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே கூடையில் கிடக்கட்டும்.

இக்கட்டுரையை எழுதிய பழைய மாணவர்கள் எண்மர், சனிக்கிழமைதோறும் காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்திருப்போம். கட்டணம் ஏதும் இல்லை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அருகில் உட்கார வேண்டும் என்பது ஒன்றே விதி. தவறுகள் எழுதிய குறிப்பேட்டை மறவாமல் கொண்டுவரவும். பெற்றோர்களும் பாட்டிமார்களும் வரலாம். எழுதப் படிக்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து, புத்தகத்தை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்ள ஓர் ஆள் எங்களுக்குத் தேவைப்படுகிறது.